வேலை என்ற சொல்லின் பூர்வீகம்

பிரெஞ்சுக்காரர்கள் இப்படிக் காலை வாரிவிடுவார்கள் என்று லேபிள்காரர் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை.

நகர நூலகத்தின் மேல்மாடியில், தலையணை கனமிருந்த சொற்பிறப்பு அகராதியில் விரலை வைத்தபடி, அந்தப் பத்தியை இன்னொரு முறை படித்தார். வேலைக்குப் பிரெஞ்சில் 'த்ரவாய்' என்று பெயர். அது 'திரிபாலியம்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. திரிபாலியம் என்றால் மூன்று கழிகள். மூன்று கழிகளைச் சேர்த்து நட்டு, ஆளை அதில் கட்டி வைத்து வதைப்பதற்காகச் செய்த சாதனம்.

"அடப்பாவிங்களா!" என்றார் வாய்விட்டு.

நூலகர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சார் தேடறீங்க?"

"வேலை."

"அது கீழ் மாடி சார். பேப்பர் எல்லாம் அங்கதான் கிடக்கும். காலையிலேயே வந்தாத்தான் கைக்குக் கிடைக்கும்."

"எனக்கு வேலை இருக்கு. நான் தேடறது அந்தச் சொல்லோட பூர்வீகம்."

"அதுவே கிடைக்க மாட்டேங்குது, அதுக்குப் பூர்வீகம் வேறயா?" என்று நூலகர் மறுபடியும் குனிந்துகொண்டார்.

லேபிள்காரருக்கு இது பொழுதுபோக்கு இல்லை. பிழைப்பு. வெளிநாடுகளுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஃபேக்டரியில் அவர் இருந்தார். ஒவ்வொரு சட்டையின் உள்பக்கத்திலும் ஒரு சின்னத் துணித்துண்டு தைத்திருக்கும். எந்தச் சூட்டு நீரில் துவைக்க வேண்டும், எப்படி உலர்த்த வேண்டும் என்று ஒன்பது மொழிகளில் அச்சடித்த துண்டு. அதில் எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய உத்தியோகம். தலை நரைக்கும்வரை அதையே பார்த்துவிட்டார்.

இதனால் அவருக்கு ஒன்பது மொழி தெரியும் என்று ஃபேக்டரி முழுக்க ஒரு பேச்சு இருந்தது. ஹங்கேரிக்காரர் ஒருவர் எதிரில் வந்து நின்றால் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்க அவருக்கு வராது. 'முறுக்கிப் பிழியாதீர்கள்' என்று மட்டும் பிசகில்லாமல் சொல்வார். ஆனாலும் அந்தப் பேச்சை அவர் மறுத்ததில்லை. சும்மா கிடைக்கிற பட்டத்தை எவன் வேண்டாம் என்பான்?

போன மாதம் ஒரு கேமரா மெஷின் வந்து இறங்கியது. லேபிளை அதன் முன்னால் காட்டினால், அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பிழையைக் காட்டிவிடும். டீ கேட்காது, கண் வலிக்கிறது என்று சொல்லாது. அது வந்த நாளிலிருந்து லேபிள்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்படியிருக்கும்போதுதான் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்களுக்குத்தான் ஒன்பது மொழி தெரியுமே?"

"ஏதோ கொஞ்சம் சார்."

"அடுத்த வாரம் நம்ம சட்டையை வாங்கற வெளிநாட்டு பையர்ஸ் எல்லாம் வர்றாங்க. முதலாளி பேசப் போறாரு. 'வேலை'ங்கிற ஒரே சொல்லு, அவங்கவங்க மொழியில எப்படிப் பிறந்துச்சு, அதோட பெருமை என்னன்னு பேசணுமாம். நீங்கதான் எழுதித் தரணும். இது மட்டும் நல்லா அமைஞ்சுதுன்னா, உங்க விஷயத்தை நான் பாத்துக்கறேன்."

'உங்க விஷயம்' என்றால் என்ன என்று லேபிள்காரர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே என்று பயம்.

அந்தப் பயத்தோடு நூலகம் ஏறியவருக்குத்தான் முதல் மொழியிலேயே இந்த வரவேற்பு. சரி, ஒரு நாட்டுக்காரன் கோணலாக இருந்தால் போகட்டும் என்று ஸ்பானிய அகராதியை எடுத்தார். 'திரபாஹோ.' அதே மூன்று கழி. போர்ச்சுகீசியம். அங்கேயும் அதே மூன்று கழி. ஊர் ஊராகக் கழியை நட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மறுநாள் மேனேஜர் முன்னால் நின்றார்.

"சார், பிரெஞ்சுல சித்திரவதைன்னு வருது."

"என்னது?"

"ஸ்பானிஷ்லயும் அதான். போர்ச்சுகீஸ்லயும் அதான் சார்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "யோவ், ஜெர்மன்காரங்களைப் பாருங்க. உழைப்புன்னாலே அவங்கதான். அவங்க மொழியில தங்கமா இருக்கும்."

ஜெர்மன் மொழியில் 'ஆர்பைட்'. அதன் வேர் அநாதை என்ற சொல்லோடு போய் ஒட்டிக்கொள்கிறது என்று அகராதி சொன்னது. ஆதரவில்லாத பிள்ளை அடுத்தவர் வீட்டில் மாடாய் உழைக்குமே, அந்த உழைப்பு. பழைய ஜெர்மனில் அதற்குத் துன்பம் என்றே அர்த்தம்.

"அநாதையா?" என்றார் மேனேஜர், மறுநாள்.

"ஆமாம் சார்."

"ரஷ்யன்?"

"'ரபோத்தா.' 'ரப்'புங்கிற சொல்லுல இருந்து வந்தது. ரப்புன்னா அடிமை. கிரேக்கமும் பாத்தேன் சார். அங்கேயும் அடிமைதான்."

"உங்களை யாரு கிரேக்கம் பாக்கச் சொன்னது? கிரேக்கத்துல இருந்து யாராவது சட்டை வாங்கறாங்களா?" மேனேஜர் மேஜையைத் தட்டினார். "ஹங்கேரி என்ன ஆச்சு? சின்ன நாடு. அவங்ககிட்ட வம்பு தும்பு இருக்காது."

"'முன்கா' சார். அது அவங்க சொந்தச் சொல் இல்லை. பக்கத்து நாட்டுக்காரங்ககிட்ட இருந்து வாங்கினது."

"வாங்கினா வாங்கிட்டுப் போகட்டும். அர்த்தம்?"

"வேதனை."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "வேதனையைப் போயி எவனாவது கடன் வாங்குவானா?"

"இத்தாலியன்ல கொஞ்சம் பரவால்ல சார். சுமை தாங்காம தள்ளாடறதுன்னு வருது."

"அதுதான் உங்க அகராதியில பரவால்லையா?"

"இங்கிலீஷ்ல ஒரு வில்லங்கமும் இல்லை சார். வெறுமனே 'செய்யறது', அவ்வளவுதான்."

"இங்கிலீஷ்காரன் எவனும் வரலையேய்யா!" மேனேஜர் எழுந்தே விட்டார். "பெருமையைத் தேடிட்டு வாங்கன்னு அனுப்பினா, தினமும் ஒரு போலீஸ் ஸ்டேஷன் கதையைக் கொண்டுவந்து கொட்டறீங்க. இந்த இடத்துல வேற ஆள் இருந்தா இந்நேரம் நல்ல அர்த்தமா நாலு கிடைச்சிருக்கும்."

'வேற ஆள்' என்ற சொல்லை லேபிள்காரர் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதன் பூர்வீகத்தைத் தேட எந்த நூலகத்துக்கும் போக வேண்டியதில்லை.

வீட்டில் அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்தார். எதிரில் அவருடைய மைத்துனன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மனைவியின் தம்பி. அதே ஃபேக்டரியில் கட்டிங் மாஸ்டர். இவர்தான் வேலையில் சேர்த்துவிட்டார். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளோடு மாடியில் குடியிருந்தாலும் அக்கா கையால் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

"வேலைன்னா அடிமைத்தனம்னு கண்டுபிடிக்க நீங்க ஏன் மாமா லைப்ரரி வரைக்கும் போனீங்க? எங்க செக்ஷன் பக்கம் எட்டிப் பாத்திருந்தா போதுமே" என்றான் அவன்.

"உனக்கு விளையாட்டா இருக்கு மாப்ள. இங்க என் கழுத்துல கத்தி."

மனைவி குழம்புக் கரண்டியோடு வந்தாள். "ஏங்க, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சரியில்லேன்னா அதுக்கு நீங்களா பொறுப்பு? நல்லதா ஒண்ணு நீங்களே சொல்லிட்டு வந்துடுங்க. எவன் போய்ப் பாக்கப் போறான்?"

"அகராதியில இல்லாததை எப்படிடி சொல்றது?"

"பொண்ணு பாக்க வந்தப்ப உங்களுக்கு மேனேஜர் உத்தியோகம்னு உங்க வீட்டுல சொன்னாங்களே, அது எந்த அகராதியில இருந்துச்சு?"

மைத்துனனுக்குப் புரை ஏறியது. லேபிள்காரர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். ஆனால் யோசனை நல்ல யோசனை.

மறுநாள் உட்கார்ந்து சொற்களுக்கெல்லாம் சலவை போட்டார். பிரெஞ்சுக்காரரின் மூன்று கழிகள், மூன்று தூண்களாயின. உறுதி, ஒழுக்கம், ஒற்றுமை. ஜெர்மானியரின் அநாதை, 'யாரும் அநாதையில்லை, ஃபேக்டரியே குடும்பம்' என்றானது. ரஷ்ய அடிமை விசுவாசி ஆனான். ஹங்கேரியின் வேதனை 'சுகமான சுமை' ஆயிற்று. இத்தாலியில் தள்ளாடிக்கொண்டிருந்தவரை நிமிர்த்தி நடக்க வைத்தார். எல்லாவற்றையும் இங்கிலீஷிலும் போட்டுக் கொடுத்தார்.

மேனேஜர் படித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் தண்ணி காட்டினீங்க?"

அதோடு விட்டிருந்தால் தேவலை. மேனேஜர் அதைப் பெரிய பேனராக அடித்துத் தையல் ஹாலில் மாட்டிவிட்டார். குனிந்து தைத்துக்கொண்டிருந்த பெண்களின் தலைக்கு மேல் மூன்று தூண்கள் வண்ணத்தில் நின்றன. சூப்பர்வைசர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று உத்தரவு. ஓவர்டைமுக்கு நிற்க மாட்டேன் என்ற பெண்ணிடம் ஒரு சூப்பர்வைசர், "ரஷ்யாவுல போய்ப் பாரு, விசுவாசம்னா என்னன்னு தெரியும்" என்று அதட்டினார்.

பையர்கள் வருவதற்கு முன்பே, பிரெஞ்சுக் கம்பெனியின் தரம் பார்க்கும் அம்மாள் ஒருத்தி வந்து சேர்ந்தாள். சட்டைக் காலரை அளந்துகொண்டே ஹாலில் நடந்தவள் பேனருக்கு முன்னால் நின்றாள். படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

தூண் எல்லாம் இல்லை, அது ஆளைக் கட்டி வதைக்கிற கழி என்று இங்கிலீஷில் சொன்னாள். அவளுடைய அப்பா ஒரு ஃபேக்டரியில் இருந்தாராம். தினமும் காலையில் செருப்பு மாட்டும்போது 'கழியில ஏறப் போறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் புறப்படுவாராம். இதை எழுதிய புண்ணியவான் யார் என்று கேட்டாள்.

மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, கொஞ்சமும் யோசிக்காமல் லேபிள்காரரைக் கை காட்டினார்.

விஷயம் மாடிக்குப் போய்விட்டது. முதலாளி கூப்பிடுவதாக ஆள் வந்தபோது லேபிள்காரர் மேஜைமேல் கிடந்த லேபிள்களை அடுக்கி வைத்துவிட்டு எழுந்தார். 'வேலை போச்சு' என்று அவர் மனசு ஒன்பது மொழியிலும் சொல்லிக்கொண்டது.

ஐந்து ஃபேக்டரிக்குச் சொந்தக்காரரான முதலாளி கத்துகிற ஆள் இல்லை. கத்துவதற்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"பேனர்ல இருக்கறது உண்மையா?"

மேனேஜர் ஓரமாக நின்று கண்ணால் சாடை காட்டினார். ஆமாம் என்று சொல் என்பது சாடை. லேபிள்காரருக்கு என்ன ஆயிற்றோ, இனிமேல் போவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றிவிட்டது.

"பொய் சார். எல்லாம் நான் கட்டினது."

"உண்மை என்ன?"

சொன்னார். மூன்று கழி, அநாதை, அடிமை, வேதனை, தள்ளாட்டம் என்று ஒன்று விடாமல் சொன்னார். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரையே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ நெகிழ்ந்தது போல இருந்தது.

"இதைத்தான் நான் பேசப் போறேன்" என்றார்.

"சார்?" என்றார் மேனேஜர்.

"பேனரைக் கழட்டுங்க. பொய்யெல்லாம் வேண்டாம்." முதலாளி லேபிள்காரர் பக்கம் திரும்பினார். "அடிமைங்கிற பாகத்தை இன்னும் விரிவா எழுதுங்க. நம்ம ஆளுங்க படற கஷ்டத்தையும் சேர்த்துக்குங்க. எதையும் மறைக்க வேண்டாம். எனக்கு எல்லாம் தெரியணும்."

லேபிள்காரர் படியில் இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருடமாக இந்த மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று இருந்தது.

அன்று சாயங்காலம் மைத்துனனைப் பிடித்து உட்கார வைத்தார். "மாப்ள, கட்டிங் செக்ஷன்ல என்னென்ன கஷ்டம்னு சொல்லு. முதலாளியே மேடையில படிக்கப் போறாரு."

"எதை? நம்ம கஷ்டத்தையா?" அவன் நம்பவில்லை. "உங்களுக்கு உடம்பு சரியில்லையா மாமா?"

"அவரு வாயாலயே சொன்னாருடா. ஒண்ணும் மறைக்காதேன்னாரு."

அவன் முதலில் தயங்கினான். பிறகு மடை திறந்துவிட்டது. துணித்தூசி நெஞ்சில் படிந்து விடியும்வரை இருமுவது. மின்கத்தி அதிர்ந்து அதிர்ந்து, விரல்கள் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போடக்கூட மறுப்பது. பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டியிருக்கிற பெண்கள். நின்றே வேலை செய்து காலில் நரம்பு சுருண்டுபோன அயர்ன் மாஸ்டர். காய்ச்சலோடு வந்து மெஷின்மேல் சாய்ந்தவளுக்கு அரைநாள் சம்பளம் வெட்டியது. அதையெல்லாம் அவன் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்து, பாதியில் சிரிப்பை விட்டுவிட்டான். அவன் அக்கா வாசல் நிலையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இதெல்லாம் அவளுக்கே புதுசு.

"எழுதிக்குங்க மாமா. ஒண்ணையும் விடாதீங்க" என்றான்.

லேபிள்காரர் எழுதினார். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்த்தவர், முதல்முறையாகத் தானாக எழுதினார். ஒவ்வொரு மொழியின் சொல்லுக்கும் பக்கத்தில் ஃபேக்டரியின் ஒரு கஷ்டத்தை உட்கார வைத்தார். கழிக்குப் பக்கத்தில் அயர்ன் மாஸ்டரின் கால். அடிமைக்குப் பக்கத்தில் பாத்ரூம் டோக்கன். படித்துப் பார்த்து, ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை என்று உறுதிசெய்துகொண்டார். இதைவிட நல்லதாக அவர் எதையும் செய்ததில்லை.

விழா நாளில் தையல் ஹாலில் மெஷின்களை ஒதுக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் பையர்கள். பின்னால் தொழிலாளர்கள் எல்லோரும். லேபிள்காரரும் மைத்துனனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். டீக்கார அம்மாள் தட்டோடு நடந்துகொண்டிருந்தாள்.

முதலாளி மேடையேறினார். ஒரு எழுத்து மாற்றாமல் படித்தார். பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன், ரஷ்யன், ஹங்கேரியன், இத்தாலியன். மூன்று கழி என்று சொன்னபோது தரம் பார்க்கும் அம்மாள் தலையாட்டினாள். பாத்ரூம் டோக்கன் வந்தபோது பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யாரோ ஒருத்தி விசும்பினாள். துணித்தூசியைப் பற்றிப் படித்தபோது முதலாளியின் குரல் கம்மியது. ஹால் அதிரக் கை தட்டினார்கள். மைத்துனன் எழுந்து நின்று விசிலடித்தான்.

"மாமா, நீங்க சாதாரண ஆளு இல்ல" என்றான், காதோடு. அவன் கண்ணெல்லாம் ஈரம்.

லேபிள்காரருக்கு அந்த நிமிஷம் போதும் என்றிருந்தது.

முதலாளி கையை உயர்த்திக் கைதட்டலை அடக்கினார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இவ்வளவும் தெரிஞ்ச பிறகு உங்களை இந்த வேலையில வெச்சிருந்தேன்னா நான் மனுஷனே இல்லை" என்றார். "வேலைன்னா வதைன்னு உலகமே சொல்லுது. அந்த வதையை இனிமே நீங்க பட வேண்டாம். வர்ற மாசத்துல இருந்து எல்லாத்தையும் புது மெஷின்களே பாத்துக்கும். இந்த ஃபேக்டரியில இனி அடிமைங்க யாரும் இல்லை. உங்க எல்லாருக்கும் இன்னிக்கு விடுதலை."

பின்வரிசைகளில் பாதிப் பேர் புரியாமல் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். புரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்களின் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். முன்வரிசையில் மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் பையர்கள் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இப்படி ஒரு முதலாளியை அவர்கள் எங்கும் பார்த்ததில்லையாம்.

மைத்துனன் மெதுவாக உட்கார்ந்தான்.

"அந்தக் கடைசிப் பாகமும் நீங்க எழுதினதா மாமா?"

"இல்லடா. சத்தியமா இல்ல."

"மத்ததெல்லாம் நான் சொன்னது" என்றான் அவன். நாற்காலியை ஓசைப்படாமல் நகர்த்திவிட்டு வெளியே போனான். பின்னாலேயே அயர்ன் மாஸ்டர் நொண்டியபடி போனார். போகிறபோது லேபிள்காரரைப் பார்த்து, "என் காலை நல்லா எழுதியிருந்தீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஹால் காலியாயிற்று. லேபிள்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவமானமாக இருந்தது. எழுந்து ஓட வேண்டும் போலவும் இருந்தது, எங்கே ஓடுவது என்றும் இருந்தது. வீட்டு மாடிப்படியில் மைத்துனனின் இரண்டு பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும். அவற்றைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக வேண்டும்.

ஒரே ஒரு ஆறுதல் அவருக்குக் கிடைத்தது. தனக்கும்தானே வேலை போய்விட்டது. எல்லோரோடும் சேர்ந்து தானும்தான் தெருவில். மைத்துனனும் தானும் ஒரே நிலைமை. வீட்டுக்குப் போனால் மனைவி இரண்டு பேரையும் ஒன்றாகத் திட்டுவாள், இரண்டு பேரும் ஒன்றாகத் தலையைக் குனிந்துகொள்ளலாம். அவன் முகத்தைப் பார்க்க அந்த அளவுக்காவது யோக்கியதை மிச்சமிருக்கிறது. அதை நினைத்தபோது அவருக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

டீக்கார அம்மாள் காலித் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவரைத் தேடி வந்தாள். அவளுக்கும் அன்றோடு முடிந்திருந்தது. ஆனாலும் நல்ல சேதி சொல்லும்போது சிரிக்க வேண்டும் என்ற மரியாதை அவளிடம் இருந்தது.

"முதலாளி உங்களுக்கு மட்டும் வேலையை நிரந்தரம் பண்ணிட்டாரு சார், இன்னும் நாலு ஃபேக்டரி மூட வேண்டியிருக்காம்."